ஆறுமணிக்குருவியும் இருபது கேள்விகளும்

அன்புள்ள ஐயாவுக்கு,

கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்ந்து எட்டு மாதம். எங்கள் கம்பனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கென்று ஒரு சின்னச் சஞ்சிகை போடுகிறது. மூன்று மொழியிலும் வரும். அதில் ‘நம்மவரை அறிவோம்’ என்று ஒரு பக்கம். இந்த முறை அந்தப் பக்கம் என் தலையில் விழுந்தது. ஆளையும் மேலிடமே சொல்லிவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு ஐயா, ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சம். “அவர் இயற்கை விரும்பி, அவரைப் போடுங்கள்” என்றார்கள்.

எட்டரைக்குத் தொடங்கும் கந்தோருக்கு அவர் ஏழு மணிக்கே வந்துவிடுவார். நாலாம் மாடியின் பின்பக்க யன்னலில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் வைப்பார். திங்கட்கிழமைகளில் அவருடைய சப்பாத்தில் சேறு காய்ந்திருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

முந்தைய இதழ்களுக்குப் பயன்படுத்திய கேள்விப் பட்டியலோடு போனேன். இருபது கேள்வி. பிடித்த நிறம்? “எல்லாம்.” பிடித்த சாப்பாடு? “சோறு.” பொழுதுபோக்கு? “நடக்கிறது.” மறக்க முடியாத நாள்? கொஞ்சம் யோசித்துவிட்டு, “நிறைய இருக்குப் பிள்ளை” என்றார். இயற்கையை ஏன் நேசிக்கிறீர்கள்? சிரித்தார். “இண்டைக்கு மாதக் கணக்கு முடிக்க வேணும்” என்று எழும்பிவிட்டார். இருபதுக்கும் சேர்த்து முப்பத்தொரு சொல் தேறியது. எனக்கு முந்நூறு சொல் வேண்டும்.

நீங்கள் முன்பு கந்தோரில் வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஒருவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? சொந்த விருப்பங்களைத் தோண்டுவது அத்துமீறலா? எனக்குக் காகத்தையும் கிளியையும் தவிர ஒரு பறவையும் தெரியாது. அது பிரச்சினையா?

வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள பிள்ளைக்கு,

முப்பத்தொரு சொல் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஐயாவுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகும் என்பதற்கு எனக்கு அதுவே போதும். அவரும் எண்ணுகிற ஆளாகத்தான் இருப்பார்.

உங்கள் பட்டியலை நான் பகிடி பண்ண முடியாது. கிட்டத்தட்ட இதே பட்டியலோடு 1999இல் நானும் ஒருவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவன். அப்போது கொழும்புக் கோட்டையில், பேரை வாவிக்கு நடை தூரத்தில், ஒரு கம்பனியில் எழுதுவினைஞனாக இருந்தேன். கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே கணக்குப் பகுதியில் மன்னார் வங்காலையைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணை. சிங்களப் பொடியன்களும் “அண்ணே” என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தார். காலைக் கோச்சியில் கடல் பக்க யன்னலோரமாக இருந்து கோட்டைக்கு வருவார். இறங்கி நேரே கந்தோருக்கு வரமாட்டார். வாவிக்கரையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார்.

என் மேசையைத் தாண்டிப் போகும்போது ஒரு வரி போட்டுவிட்டுப் போவார். “இண்டைக்கு கூழைக்கடா மூண்டு.” “நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயவிட்டுக்கொண்டு நிக்குது, மழை விட்டிடும் போல.” நான் தலையை ஆட்டுவேன். கதை அவ்வளவோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரிதான் அவர் எனக்குத் தருகிற முழுப் பேட்டி என்று அப்போது விளங்கவில்லை.

கம்பனிச் சஞ்சிகைக்கு எழுதச் சொன்னார்கள். கேள்வி கேட்டேன், உங்களுக்குக் கிடைத்த மாதிரியே பதில் கிடைத்தது. நீங்கள் என்னிடம் கேட்டு எழுதினீர்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை, மிச்சத்தை நானே இட்டு நிரப்பினேன். தலைப்பு ‘இயற்கையின் காதலன்’. உள்ளே பசுமை, மௌனம், பறவைகளின் சங்கீதம், நகரத்தின் இரைச்சல் நடுவே ஒரு தவம் என்று என் கைக்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். வயிற்றைக் கலக்குகிற எழுத்து. ஆனால் பிழை அந்த நடையில் இல்லை. ‘ஒவ்வொரு காலையும் பேரை வாவிக்கரையில் நின்று, கண்ணில் படுவதையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்கிறார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பிழை அங்கேதான்.

உங்கள் வயதுக்கு இது உடனே பிடிபடாமல் போகலாம். அது 1999, போர்க்காலம். கோட்டைக்குள் நாலு அடிக்கு ஒரு சோதனைச் சாவடி. அடையாள அட்டையை எடுத்தால் பிறந்த இடத்தைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். மன்னாரில் பிறந்த ஒரு தமிழர், தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறார், கையில் ஒரு கொப்பி. அண்ணை தூரக்கண்ணாடி வைத்திருக்கவில்லை. வாங்க வசதி இல்லை என்று நினைத்திருந்தேன். வசதி இருந்தது. சாவடியில் அதை எடுத்துக் காட்டி, ‘கொக்குப் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்ல எந்த மொழியில் முடியும்?

சஞ்சிகை வந்து ஒரு கிழமைக்குள் எங்கள் கட்டடத்துக் காவல் பொறுப்பாளர் அண்ணையைக் கூப்பிட்டு அரை மணி நேரம் விசாரித்தார். கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டி, ‘கூ.க. 3, நீ.கா. 11’ என்றால் என்ன என்று கேட்டாராம். அண்ணை விளக்கம் சொல்லிவிட்டு வந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வவுச்சர்களை அடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. சஞ்சிகையைப் படித்து உற்சாகப்பட்ட நிர்வாகம், ‘நம் பறவை நிபுணரோடு ஒரு நாள்’ என்று ஒரு பஸ் பிடித்தது. பெல்லன்வில, அத்திடிய சதுப்புநிலம். 1990இல் சரணாலயமாக்கப்பட்ட இடம். நாற்பது பேர், றபான், ஒலிபெருக்கி, பைலாப் பாட்டு. பஸ் நின்றதும் ஒருவர் அண்ணையின் தோளில் கை போட்டு, “எங்கே, காட்டுங்க பார்ப்பம்” என்றார். ஒரு கானாங்கோழி வாலைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குள் ஓடியது. அன்று நாற்பது பேரும் கண்டது அந்த வாலைத்தான். அடுத்த நாளிலிருந்து அண்ணையின் பெயர் ‘கொக்கு’.

அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. காலையில் என் மேசையைத் தாண்டிப் போகும்போது போடுகிற அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்திவிட்டார். நாலு மாதம். நான் வாங்கிய தண்டனைகளில் அதுதான் பெரியது.

ஐப்பசியில் அது முடிந்தது. முடித்துவைத்தது ஒரு குருவி.

ஒரு காலை, ஏழரை மணி இருக்கும். கந்தோரின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் குப்பை வாளிகளுக்கும் நடுவே அண்ணை குந்தியிருந்தார். தேத்தண்ணி போடுகிற அம்மா பக்கத்தில் நின்றா. என்னைக் கண்டதும் அண்ணை கையை மட்டும் அசைத்தார், மெதுவாக வா என்று. சீமெந்துத் தரையில் ஒரு பறவை கிடந்தது. கண்ணாடி யன்னலில் மோதி விழுந்திருந்தது. கண் திறந்திருந்தது, அசைவில்லை. கைக்குள் அடங்குகிற அளவு, வால் வெட்டிவிட்ட மாதிரிக் கட்டை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, முதுகில் பச்சை, தோளில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது போல ஒரு நீலம், நெஞ்சு மங்கல் மஞ்சள், வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கே இந்திக்காரர் இதை ஒன்பது நிறம் என்ற பொருளில்தான் கூப்பிடுகிறார்கள். குப்பை வாளியின் பக்கத்தில் அப்படி ஒரு வடிவை எதிர்பார்க்க முடியாது.

அம்மா தண்ணீர் பருக்கப் போனா. அண்ணை தடுத்தார். மயங்கிக் கிடக்கிற பறவையின் வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். போட்டோக்கொப்பிக் கடதாசி வந்த வெறும் பெட்டியை என்னிடம் எடுத்துவரச் சொன்னார். பேனையால் நாலைந்து துளை போட்டு, அடியில் ஒரு துவாயை விரித்து, பறவையை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே வைத்து மூடினார். இருட்டும் அமைதியும் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம், திறந்து திறந்து பார்க்கக்கூடாது. பெட்டியை ஸ்டோர் அறை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, மூன்று பேரும் வாசலில் காவல் நின்றோம்.

அப்போதுதான் அம்மா சொன்னா, “மே அவிச்சியா நே” என்று. சிங்களத்தில் இதற்கு அவிச்சியா என்று பெயர். அதற்கு ஒரு கதையும் உண்டு. ஒரு காலத்தில் மயிலின் தோகை இந்தக் குருவியிடம்தான் இருந்ததாம். குளிக்கப் போன நேரம் பார்த்து மயில் அதைக் களவெடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த புத்தர் பிறக்கட்டும், ‘எவித் கியன்னம்’, வந்து முறையிடுகிறேன் என்று அன்றிலிருந்து அது கத்திக்கொண்டே இருக்கிறதாம்.

அண்ணை சிரித்தார். “எங்கட அம்மா இதை ஆறுமணிக்குருவி எண்டுவா. விடிய ஆறு மணிக்கு ஒருக்கா, பின்னேரம் ஆறு மணிக்கு ஒருக்கா, ரெண்டு சத்தம் விசில் மாதிரிக் குடுக்கும். எங்கட வீட்டில மணிக்கூடு இல்லை. ஐப்பசியில இருந்து சித்திரை வரைக்கும் இதுதான் மணிக்கூடு. மற்ற மாதமெல்லாம் ஐயாட இருமல்.”

நான் கேட்காமலே, அவருடைய வீட்டைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம் அது. மணிக்கூடு இல்லாத வீடு. இருமிக்கொண்டிருந்த அப்பா. உங்கள் இருபது கேள்வியில் எதற்கு இது பதில்?

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் கால் பிராண்டுகிற சத்தம் கேட்டது. பெட்டியைப் பின்பக்கத்து மாமரத்தடிக்குக் கொண்டுபோய், சரித்துத் திறந்தார். குருவி வெளியே வந்தது. பறக்கவில்லை. இரண்டு தத்துத் தத்தி, ஒரு காய்ந்த இலையைச் சொண்டால் புரட்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. “பாத்தீரே, வேலையைத் தொடங்கிட்டுது” என்றார் அண்ணை. “இமயமலை அடிவாரத்தில இருந்து வந்திருக்கும். ஐம்பது கிராம்தான் வரும் தம்பி. எங்கட காவலாளியிட்ட மாட்டுப்படாம உள்ளுக்க வந்திட்டுது பாரும்.” காவல் பொறுப்பாளரைப் பற்றி, என் கட்டுரையைப் பற்றி, அவர் சொன்னது அந்த ஒரு பகிடிதான். அடுத்த நாள் காலை என் மேசையில் ஒரு வரி விழுந்தது. “மாமரத்தடியில நிக்குது.”

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சொந்த விருப்பங்களைக் கேட்பது அத்துமீறலா என்றால், ‘சொந்த விருப்பம்’ என்று பெயர் போட்டுக் கேட்டால் அத்துமீறல்தான். இந்த மாதிரி ஆட்கள் தங்களைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். பார்த்ததைப் பற்றி விடியும் வரை கதைப்பார்கள். இயற்கையை ஏன் நேசிக்கிறீர்கள் என்று கேட்டால் மனிதர் கூசிப்போவார். சோறு ஏன் சாப்பிடுகிறீர்கள் என்பது போலத்தானே அது! ‘டப்பாவுக்கு இன்றைக்கு யார் வந்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள். நாலாம் மாடி என்றால் காகமும் மைனாவும் நிச்சயம். அணில் வந்தாலும் வரும். எந்தக் காகம் முதலில் வரும், எது மற்றதை விரட்டும், தண்ணீரை நாளுக்கு எத்தனை தரம் மாற்றுகிறார், சனி ஞாயிறில் யார் ஊற்றுகிறார் என்று அதிலேயே முந்நூறு சொல்லுக்கு வழி இருக்கிறது. சனி ஞாயிறில் ஊற்றுவது உங்கள் காவலாளி என்றால் உங்களுக்கு இரண்டு ஊழியர் கிடைத்தார்கள்.

சேற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் துப்பறியலாம் என்று ஆசை. திங்கட்கிழமை சேறு காய்ந்திருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். கோட்டேயில் பெத்தகான சதுப்புநிலப் பூங்காவுக்குப் போனால் பலகைப் பாதையிலேயே நடந்து வரலாம், சப்பாத்தில் சேறு படாது. தலவத்துகொடையில் தியசருப் பூங்காவிலும் நல்ல பாதை உண்டு. அதனால் அவர் தலங்கமக் குளத்துப் பக்கம் வயல் வரம்பில் இறங்கி நடக்கிறார் என்பது என் ஊகம். பிழையாகவும் இருக்கலாம். ஆனால் ‘ஐயா, தலங்கமவா?’ என்று சும்மா ஒரு சொல் போட்டுப் பாருங்கள். பிழை என்றால் திருத்துவார். திருத்துகிற சாட்டில் கதை தொடங்கும்.

அவர் நடக்கிற நிலம் ஏதோ கிடைத்த சேறு இல்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஈரநிலங்களைக் காக்க ராம்சார் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை உண்டு. அதன் கீழ், உலகத்தில் முதன்முதலாக 18 நகரங்களை ராம்சார் ஈரநில நகரங்கள் என்று 2018இல் அங்கீகரித்தார்கள். அதில் கொழும்பு ஒன்று. நாம் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற கால்வாய்களுக்கும் பற்றைகளுக்கும் பின்னால் நீர்நாய் இருக்கிறது, மீன்பிடிப் பூனை இருக்கிறது. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரிது, தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும், இரவில் நம் மதில்மேல் நடந்து போகும். அந்த ஐயா அதைக் கண்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கண்டிருந்தாலும், எந்த மதில் என்று மட்டும் எழுதாதீர்கள். கூட்டையும் எழுதாதீர்கள், குட்டி போட்ட இடத்தையும் எழுதாதீர்கள், அவர் எத்தனை மணிக்கு எங்கே தனியாக நிற்பார் என்பதையும் எழுதாதீர்கள். இன்றைக்கு அடையாள அட்டையைப் பார்க்க ஆள் இல்லாமல் இருக்கலாம். மூன்றாவதை நான் எழுதிப் பட்டவன்.

பறவை தெரியாதது பிரச்சினையா என்று கேட்டீர்கள். தெரியாமல் இருப்பது நல்லது. அரைகுறையாகத் தெரிந்தால்தான் கரைச்சல். ‘ஓ, அதுவா, எங்கள் வீட்டிலும் வருமே’ என்று குறுக்கே விழுந்து கதையைக் கெடுப்போம். உங்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது. உங்கள் சஞ்சிகை மூன்று மொழியில் வருகிறது. பெயர்களைக் கேளுங்கள். வால் நீண்ட ஈப்பிடிப்பான் ஒன்று உண்டு, இரண்டு நிறத்தில் வரும். சிங்களத்தில் வெள்ளைக்கு ரெதி ஹொரா, துணிக் கள்ளன். செம்பழுப்புக்கு கினி ஹொரா, நெருப்புக் கள்ளன். செம்பழுப்பு நம் நாட்டிலேயே இருப்பது. வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு பறக்கிறது மாரி காலத்தில் இந்தியாவிலிருந்து வருவது. நாங்கள் புலுனி என்கிறோமே, ஏழெட்டாகத் திரியுமே, அதற்குச் சிங்களத்தில் தெமலிச்சா. ‘தெமள’ என்றால் தமிழ். அது ஏன் என்று அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன். சுற்றிவரப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “கூட்டமாத் திரிஞ்சு வாய் ஓயாமக் கதைக்குதாம். எங்கட கந்தோர்ப் பெட்டையளைப் பாத்தால் ஓமெண்டுதான் சொல்லவேணும்.” பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் கந்தோரில் அந்தச் சொல்லுக்கு இரு தரப்பும் சேர்ந்து சிரித்தது சின்ன விஷயமில்லை.

இனி அந்தக் கொப்பி. 2005இல் அண்ணை ஓய்வு பெற்றபோது கடைசி வாரத்தில் மேசை இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தார். பதினாலு சீ.ஆர். கொப்பி. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார், தானாகவே. கணக்குப்பிள்ளையின் கொப்பி என்று பார்த்தவுடன் தெரியும். அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் போட்ட கோடுகள். திகதி, நேரம், இடம், பெயர், எண்ணிக்கை. கடைசி நிரலின் தலைப்பு ‘குறிப்பு’.

காவல் பொறுப்பாளரும் அதைப் புரட்டினார், எண்களைப் பார்த்தார். நான் குறிப்பு நிரலை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தேன். ‘மழை.’ ‘கோச்சி பிந்தியது.’ ‘சம்பளம்.’ ‘மகளுக்குக் காய்ச்சல் என்று கடிதம்.’ ‘கடிதம் இல்லை.’ ‘கடிதம் இல்லை.’ ‘கடிதம். சுகம்.’ அந்த ‘சுகம்’ போட்ட நாளில் எண்ணிக்கை நிரலில் நீர்க்காகம் 46. வேறு எந்த நாளிலும் இருபதைத் தாண்டவில்லை. ஏன் என்று கேட்டேன். “அண்டைக்கு நிண்டு ஆறுதலா எண்ணினனான்” என்றார்.

1996 ஜனவரி 31, மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாள். நான் அப்போது கம்பனியில் சேர்ந்திருக்கவில்லை. எங்கள் கந்தோரிலிருந்து அந்த இடம் எட்டிப்பிடிக்கிற தூரம். அந்தத் திகதிக்கு நேரே இப்படி இருந்தது: ‘கோட்டை. காகம். எண்ணவில்லை.’ குறிப்பு நிரலில்: ‘எல்லாம் ஒரேயடியாக எழும்பின. பின்னேரம் வரை இறங்கவில்லை.’

மறக்க முடியாத நாள் எது என்று உங்கள் ஐயாவிடம் கேட்டீர்கள். நிறைய இருக்கு என்றார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதே கொப்பியின் அட்டைக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு மடித்து வைத்திருந்தது. தீபால் வரகாகொட என்பவர் கித்துள்கலைக் காட்டில் 1995இல் இரவில் ஒரு குரல் கேட்டார். எந்தப் பறவையின் குரல் என்று பிடிபடவில்லை. 2001 ஜனவரியில் சிங்கராஜவில் அந்தக் குரலுக்கு உரிய ஆளைக் கண்டார். சின்னஞ்சிறு செம்பழுப்பு ஆந்தை, உலகம் அதுவரை அறியாத இனம். அறிவியல் முறைப்படி பெயர் வைத்தது 2004இல். இலங்கையில் புதிய பறவை இனம் ஒன்று கிடைத்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அண்ணை அந்தத் துண்டை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். ஆந்தையைவிட அந்த இடைப்பட்ட வருடங்கள்தான் அவரைப் பிடித்திருந்தன. “ஆறு வருசம் தம்பி, சத்தத்தை மட்டும் வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்.”

பிரியாவிடைக்காக அவரைப் பற்றி இரண்டாம் தரம் ஒரு பக்கம் எழுதினேன். இந்த முறை அச்சுக்குப் போக முன் அவரிடம் கொடுத்தேன். நீங்களும் கட்டாயம் கொடுங்கள், மேலிடத்துக்குக் காட்ட முன் அவருக்குக் காட்டுங்கள். சிவப்புப் பேனையை எடுத்தார். ‘அமைதியான சுபாவம்’ என்று நான் எழுதியதை வெட்டினார். ‘பறவைகளின் தோழர்’ என்பதை வெட்டினார், நான் எத்தனை தரம் பட்டாலும் திருந்தாதவன். கடைசிப் பந்தியில் ‘அன்று மாமரத்தில் பன்னிரண்டு மைனாக்கள்’ என்று இருந்ததைப் ‘பதினொன்று’ என்று திருத்தினார். மிச்சத்தை விட்டுவிட்டார். அரைப் பக்கம்தான் மிஞ்சியது. அந்தக் கம்பனிக்கு நான் எழுதியதில் இன்றைக்கும் வாசிக்கக் கூடியது அந்த அரைப் பக்கம்.

மேலிடம் பஸ் பிடிக்க நினைத்தால், தயவுசெய்து குறுக்கே விழுந்து தடுங்கள். அவரே விரும்பி மூன்று பேரைக் கூட்டிப்போனால் அது வேறு.

அண்ணை போர் முடிந்த பிறகு ஊரோடு போய்விட்டார். வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம். இப்போது தூரக்கண்ணாடி வைத்திருக்கிறார், மகள் வாங்கிக் கொடுத்தது. மாரியில் பூநாரை ஆயிரக்கணக்கில் இறங்கும்போது எனக்குக் குறுஞ்செய்தி வரும். ஒரு எண், ஒரு சொல். 2020இல் மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகள் எழும்பியபோதும் ஒரு செய்தி வந்தது: ‘கோபுரம் 30. குறிப்பு: பார்க்க வேணும்.’ அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் வருகிற திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போங்கள். கேள்விப் பட்டியலை வீட்டில் வைத்துவிடுங்கள், கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். நாலாம் மாடி யன்னலடியில் அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டு பிளேன்ரீயோடு நின்றால் போதும். அவர் சீனி போடுவாரா என்று மட்டும் முதல் நாளே தேத்தண்ணி அம்மாவிடம் விசாரித்து வையுங்கள்.